வாயைப் பொத்திய வளையல்கள்

மழை பொய்த்துப் பழகிய ஒரு சிறு நகரத்தில் வேலுமயில் என்று ஒருவர் இருந்தார். நகராட்சியில் தெருத் தெருவாகக் குடிதண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அவரும் மனைவி பூரணமும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை.

ஒரு நாள் காலை அந்த வீட்டுக்கு ஒரு கட்டில் வந்தது. இரும்புக் கட்டில். தலைமாட்டை உயர்த்தவும் தாழ்த்தவும் கால்பக்கம் ஒரு கைப்பிடி, இரண்டு ஓரமும் ஆள் விழாமல் தடுக்கும் கம்பி, கம்பியைப் பூட்ட ஒரு கொக்கி. நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்கு வாடகைக்குப் போய்வரும் கட்டில் அது. இரண்டு பேர் குட்டியானை வண்டியிலிருந்து இறக்கி, வாசலில் இடித்து, சுவரில் இடித்து, ஒருவழியாக நடு அறையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டிலிருந்த பொருள்கள் அதை ஏற இறங்கப் பார்த்தன. பொருள்கள் பேசுவது மனிதர் காதில் விழாது. விழுந்தால் வீடுகளில் பாதிச் சண்டை குறையும். மீதிச் சண்டை இரண்டு மடங்காகும்.

முதலில் வாயைத் திறந்தது கைக்கடிகாரம். வேலுமயிலின் கை மெலிந்து, முழங்கைவரை ஏறி ஏறி இறங்கியதால், அது ஒரு மாதமாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை நாள் இருப்பதாக உத்தேசம்?” என்று கேட்டது.

“அதை நான் தீர்மானிப்பதில்லை,” என்றது கட்டில். “இது எனக்கு இருபத்து மூன்றாவது வீடு. எந்த வீட்டிலும் நான் இரண்டு பொங்கல் பார்த்ததில்லை.”

வாசலில் கிடந்த செருப்புக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. “அவர் எழுந்து நடந்தால் நீ கிளம்ப வேண்டியதுதானே?”

“ஆமாம். நடந்தால் கிளம்பிவிடுவேன்.”

“இருபத்திரண்டு வீட்டில் எத்தனை பேர் நடந்தார்கள்?”

கட்டில் பதில் சொல்லவில்லை. கேட்டால் சொல்லும் பழக்கம் உள்ளதுதான் அது. ஆனாலும் வந்த அன்றைக்கே சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டது.

எல்லாரையும்விடக் கோபமாக இருந்தவை பூரணத்தின் வளையல்கள். கைக்கு ஆறாகப் பன்னிரண்டு கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்புமாக. பங்குனித் திருவிழாவில் வேலுமயில் வாங்கித் தந்தவை. வருடா வருடம் அவர்தான் வாங்கித் தருவார். மற்ற விஷயங்களில் கஞ்சன் என்று பெயர் எடுத்த மனிதர் வளையல் கடையில் மட்டும் பேரம் பேச மாட்டார்.

“அவருக்கு ஒன்றும் இல்லை,” என்றன வளையல்கள். “குடல்புண். மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும். பூரணமே சொன்னாள்.”

“யாரிடம் சொன்னாள்?” என்று கட்டில் கேட்டது.

“அவரிடம்தான்.”

“சற்றுமுன் அடுப்படியில் நாத்தனாரிடம் என்ன சொன்னாள்?”

வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

அடுப்படியில் சொன்னது வேறு. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் பூரணத்தையும் வேலுமயிலின் அக்கா வெள்ளைத்தாயையும் தனியாக அழைத்துச் சொன்னது அது. கணையத்தில் கட்டி. ஈரல்வரை போய்விட்டது. மாதக்கணக்குத்தான். “அவர்கிட்டச் சொல்லிடாதீங்க டாக்டர், மனசு விட்டுருவாரு,” என்று இரண்டு பெண்களும் கைகூப்பினார்கள். அன்றிலிருந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அந்த வீட்டில் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்த உறையை அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தார்கள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி, ‘குடல்புண்ணுன்னு சொல்லியிருக்கோம்’ என்று காதில் ஓதி அனுப்பினார்கள். வந்தவர்கள் உள்ளே வந்து, தேவைக்கு மேல் சிரித்து, குடல்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேலுமயிலுக்கு முதல் நாளே தெரியும்.

அவருக்குப் பத்து வருடமாக ரத்தக் கொதிப்பு. உப்பைக் குறை, ஊறுகாயைத் தொடாதே, கருவாடு கூடவே கூடாது என்று பார்க்கிற டாக்டர் எல்லாரும் அவரை விரட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த டாக்டர் மட்டும் அவர் தோளில் கை வைத்து, “எது பிடிக்குதோ அதைச் சாப்பிடுங்கய்யா,” என்றார். வண்டியில் திரும்பி வரும்போதே வேலுமயிலுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

தெரிந்தும் அவர் சும்மா இருந்தார். பூரணம் இவ்வளவு பாடுபட்டு ஒரு பொய்யைக் கட்டிக் காப்பாற்றுகிறாள், அதை ஏன் உடைக்க வேண்டும் என்று நினைத்தார். அவளுக்காக அவர் நடித்தார். அவருக்காக அவள் நடித்தாள். மணத்தக்காளிக் கீரை தினமும் வெந்தது.

இந்த நடிப்பு கட்டிலிடம் பலிக்கவில்லை. படுத்திருப்பவரின் எடை கட்டிலுக்குத் தெரியும். ஒரு நாள் பகலில் பூரணம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வேலுமயில் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று துண்டு. அவர் உடம்பு குலுங்கியதில் கட்டிலின் நான்கு காலும் கிறீச்சிட்டன. அரைமணி நேரம் அழுதார். வாசலில் கதவுச் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சீனி போட்டாங்களா?” என்று கேட்டார்.

“சீனி போட்டாங்க, பருப்பு இல்லையாம்,” என்றாள் பூரணம். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அவள் ரேஷன் கடைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்திருந்தாள். வளையல்களுக்கு அது தெரியும். ஆனால் அவை யாரிடமும் சொல்லவில்லை.

அழுத மறுநாள் வேலுமயில் ஒரு முடிவுக்கு வந்தார். பூரணம் கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், “இந்தா பூரணம், எனக்கப்புறம்...” என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். பூரணத்தின் வலது கை பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தியது. ஆறு வளையல்களும் கலகலவென்று அவர் தாடையில் மோதின.

“வாயைக் கழுவுங்க. நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது.”

அன்று நல்ல நாள் ஒன்றும் இல்லை, வெறும் செவ்வாய்க்கிழமை. வேலுமயில் கஞ்சியைக் குடித்தார்.

நாலு நாள் கழித்து வெள்ளைத்தாய் வந்திருந்தாள். அவளுக்கு அறுபத்தாறு வயது. புருஷன் போய் முப்பத்து மூன்று வருடம். வெறும் நெற்றி, வெறும் கை. தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலுமயில், “அக்கா, நான் போனதுக்கப்புறம்...” என்றார். மறுபடியும் கை வந்தது, வளையல்கள் வந்தன. வெள்ளைத்தாயும் சேர்ந்துகொண்டாள்.

“பேச்சைப் பாரு. ஆடியில எந்திரிச்சு உக்காருவ நீ. சும்மா படு.”

அன்று மதியம் வளையல்கள் பெருமையாக இருந்தன. “பார்த்தாயா? இரண்டு தடவையும் தடுத்துவிட்டோம்.”

“எதைத் தடுத்தீர்கள்?” என்று கேட்டது கட்டில்.

“சாவுப் பேச்சை. அந்தப் பேச்சை வீட்டுக்குள் விட்டால் பின்னாலேயே அதுவும் வரும்.”

“பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?” என்றது கட்டில். “இருபத்திரண்டு வீட்டிலும் இதையேதான் செய்தார்கள். ஒரு வீட்டில் கையால் பொத்தினார்கள். ஒரு வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். ஒரு வீட்டில் மகன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். பேச்சுத்தான் நின்றது. வேறு எதுவும் நிற்கவில்லை.”

“உனக்கென்ன, நீ போய்விடுவாய். அது வந்தால் எங்கள் கதி என்ன தெரியுமா?”

வலது கையின் முதல் வளையல்தான் இதைக் கேட்டது. மற்றவற்றுக்கு முன்னால், உள்ளங்கைப் பக்கமாக நிற்கிற சிவப்பு வளையல். வாயைப் பொத்தும்போது முதலில் போய் மோதுவது அதுதான்.

“கடையில் கம்பியில் கோத்துத் தொங்கும்போதே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள்,” என்றது அது. “புருஷன் போனால் பதினாறாம் நாள் அவளை உட்காரவைத்து, பூ வைத்து, பொட்டு வைத்து, எங்களை நிறைய அடுக்கி, ஊர்ப் பெண்கள் பார்க்கப் பார்க்கக் கல்லில் தட்டி உடைப்பார்கள். கையில் கிழித்து ரத்தம் வந்தாலும் நிறுத்த மாட்டார்கள். அதனால்தான் பொத்துகிறோம். பயத்தில் பொத்துகிறோம், போதுமா?”

 “அவர் என்ன சொல்ல வருகிறார் என்று உனக்குத் தெரியுமா?” என்று கேட்டது கட்டில்.

“சாவைப் பற்றி.”

“இல்லை. உங்களைப் பற்றி.”

வளையல்கள் கட்டில் பக்கம் சரிந்தன.

“பூரணம் வெளியே போயிருக்கும்போதெல்லாம் என் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிறார்,” என்றது கட்டில். “அக்கா புருஷன் செத்தபோது இவருக்கு இருபத்தொன்பது வயது. பதினாறாம் நாள் பின்கட்டில் அக்காவின் வளையலை உடைக்கும் சத்தம் வாசலில் நின்ற இவருக்குக் கேட்டிருக்கிறது. உள்ளே போகவில்லை. முப்பத்து மூன்று வருடமாக அது மனதில் கிடக்கிறது. பூரணத்துக்கு அப்படிச் செய்யக் கூடாது என்று, எல்லார் காதிலும் விழும்படி, தன் வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறார். நீங்கள் போய் மூடிவிடுகிறீர்கள்.”

 “இன்னொரு நாள் சொல்லட்டுமே,” என்றது முதல் வளையல்.

“எத்தனை நாள் என்று நினைக்கிறாய்? நான் பார்த்த வீடுகளில் எல்லாம் முதலில் கால் போகும். பிறகு பசி. பிறகு குரல். மூச்சு கடைசியில்தான் போகும். குரலுக்கும் மூச்சுக்கும் நடுவில் சில நாள் இருக்கும். அந்த நாட்களைத்தான் எனக்குப் பிடிக்காது. எல்லாரும் குனிந்து வாயருகே காதைக் கொடுப்பார்கள். என்னப்பா, என்ன வேணும், சொல்லு, சொல்லு என்பார்கள். ஒன்றும் வராது. நேற்று இவர் ஒத்திகையில் பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.”

அன்று வளையல்களுக்குள் பெரிய வழக்கு நடந்தது. இடது கை வளையல்கள் நைசாக நழுவின. “வாயைப் பொத்துவது நீங்கள்தான். எங்களை இழுக்காதீர்கள்,” என்றன. வலது கையில் இரண்டு, கட்டில் பொய் சொல்கிறது என்றன. ஒன்று அழுதது.

முதல் வளையல் கட்டிலைத்தான் கேட்டது. “கை பாய்ந்து வரும்போது நாங்கள் எப்படி நிறுத்துவது? வளையல் சொன்னால் கை கேட்குமா?”

“கேட்காது. ஆனால் கை என் கம்பியைத் தாண்டித்தான் வர வேண்டும். கம்பியில் கொக்கி இருக்கிறது. நீ கொஞ்சம் முன்னால் சரிந்து நின்றால் கொக்கி உன்னைப் பிடித்துக்கொள்ளும். அந்த வேகத்தில் நீ உடைந்துபோவாய். அதையும் சொல்லிவிடுகிறேன்.”

“பதினாறாம் நாள் உடைவதற்குப் பயந்து இன்றைக்கே உடையச் சொல்கிறாய்.”

“நான் எதையும் செய்யச் சொல்லவில்லை. கொக்கி இருக்கிற இடத்தைச் சொன்னேன், அவ்வளவுதான்.”

அடுத்த வெள்ளிக்கிழமை காலை வெள்ளைத்தாய் கருப்பட்டியும் சுக்கும் கொண்டுவந்தாள். பூரணம் வேலுமயிலின் தலையைத் துடைத்துவிட்டுக் கம்பியைத் தூக்கிப் பூட்டினாள். வேலுமயில் அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.  குரல் கரகரவென்று வந்தது.

“அக்கா. நான் செத்ததுக்கப்புறம்...”

இதுவரை ‘எனக்கப்புறம்’ என்றும் ‘போனதுக்கப்புறம்’ என்றும்தான் சொல்லியிருந்தார். இப்போது நேராகவே சொல்லிவிட்டார். பூரணத்தின் கை முன்னெப்போதையும்விட வேகமாகப் பாய்ந்தது. முதல் வளையல் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் சரிந்தது. கொக்கி பிடித்தது.

ஒரே ஒரு சத்தம். சிவப்புக் கண்ணாடி மூன்று துண்டாகி விரிப்பில் விழுந்தது.

பூரணத்தின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாகக் கிடக்கிற புருஷன் முன்னால், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, வளையல் உடைந்தால் ஒரு பெண்ணுக்கு என்ன தோன்றுமோ அதெல்லாம் அவளுக்குத் தோன்றியது. வாயைப் பொத்த அவளுக்கு நினைவில்லை. வெள்ளைத்தாயின் கண்ணும் உடைந்த துண்டுகளின்மேல்தான் இருந்தது.

வேலுமயிலுக்கு இடம் கிடைத்துவிட்டது.

“நான் செத்ததுக்கப்புறம் பூரணம் கையை யாரும் தொடக் கூடாது. கையில இருக்கறது, கழுத்துல இருக்கறது, நெத்தியில இருக்கறது, எதையும் யாரும் எடுக்கக் கூடாது. அவளாப் பாத்து எடுக்கணும்னா எடுக்கட்டும். இல்லைன்னா இருக்கட்டும்.”

மூச்சு வாங்கிக்கொண்டார்.

“அக்கா, வளையலை உடைக்க உன் கையிலதான் அம்மிக்குழவியைக் குடுப்பாங்க. நீதான் கூடப்பொறந்தவ, நீதான் தாலி இல்லாதவ. நீ செய்யக் கூடாது. மச்சான் செத்தப்ப உனக்கு உடைச்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நான் வாசல்லயே நின்னேன். உள்ள வந்திருக்கணும். வரல. தப்புதான்.”

வெள்ளைத்தாய் தரையைப் பார்த்தாள். “அது ஊரு வழக்கம். ஊரு என்ன சொல்லும்?”

“ஊருக்கு முப்பது வருசம் தண்ணி தொறந்து விட்டிருக்கேன். ஒரு நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கட்டும்.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று வெள்ளைத்தாய்க்குத் தெரியும். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கருப்பட்டியையும் சுக்கையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பூரணம் உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள். 

“வளையல் உடைஞ்சிருச்சுங்க. அபசகுனம்.”

“அபசகுனம் இத்தனை நாளா கட்டில்ல படுத்துக் கஞ்சி குடிக்குது. வளையல் என்ன பண்ணும் பாவம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை ரேஷன் கடைக்குப் பின்னால் போகவில்லை. கம்பியில் தலையைச் சாய்த்து, அவர் பார்க்கவே அழுதாள்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“டாக்டரு கருவாடு தின்னலாம்னு சொன்னாரே, அன்னைக்கே.”

“தெரிஞ்சுக்கிட்டா தெனமும் அந்தக் கீரையைத் தின்னீங்க?”

“வேற வழி? நீ ஆக்கிப் போட்டியே.”

அன்றோடு மணத்தக்காளி நின்றது. மறுநாள் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவரால் ஒரு வாய்க்கு மேல் முடியவில்லை. அந்த ஒரு வாயை வெகுநேரம் நாக்கில் வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள். அந்த நாட்களெல்லாம் இன்பமாகக் கழிந்தன என்று சொன்னால் பொய். வலி இருந்தது. ஒரு நாள் மருந்தைத் தட்டிவிட்டார். ஒரு நாள் பூரணம், “நீங்க பாட்டுக்குப் போயிருவீங்க, நான் யாரோட சண்டை போடுறது?” என்று கத்தினாள். ஆனால் அடுப்படியில் யாரும் குசுகுசுக்கவில்லை. ஸ்கேன் உறை அரிசி மூட்டைக்கு அடியிலிருந்து அலமாரிக்கு வந்தது. பார்க்க வந்தவர்களிடம் வேலுமயிலே, “நான் கெளம்பப் போறேன், நல்லா இருங்க,” என்று சொன்னார். வந்தவர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உண்மையாகவே பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார்கள்.

“பயமா இருக்கா?” என்று ஒரு நாள் பூரணம் கேட்டாள்.

“பகல்ல இல்ல. நீ தூங்குனதுக்கப்புறம் இருக்கு.”

“அப்ப என்னைய எழுப்புங்க.”

“உனக்குத் தூக்கம் கெடும்.”

“கெடட்டும்.”

அவர் எழுப்பினார். அவள் எழுந்து கம்பியை இறக்கிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆணியில் தொங்கிய கடிகாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. “பயம் போய்விட்டதா?” என்று கட்டிலைக் கேட்டது. “இல்லை,” என்றது கட்டில். “முன்பு ஒருவர் சுமந்தார். இப்போது இரண்டு பேர் சுமக்கிறார்கள்.”

வெள்ளைத்தாய் தினமும் வந்தாள். எண்ணெய் தேய்த்தாள். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. வேலுமயிலும் மறுபடி கேட்கவில்லை.

அந்தப் பத்தொன்பது நாளில் பதினாறாவது நாள் அவர் குரல் போனது. பத்தொன்பதாவது நாள் மூச்சு போனது. நடுவில் இருந்த நாட்களில் யாரும் குனிந்து அவர் வாயருகே காதைக் கொடுக்கவில்லை. சொல்ல வேண்டியதில் எதுவும் பாக்கி இல்லை. பூரணம் சும்மா பக்கத்தில் இருந்தாள்.

மறுநாளே கட்டிலை எடுத்துப்போக ஆட்கள் வந்தார்கள். வளையல்கள் கட்டிலைக் கூப்பிட்டன. வலது கையில் ஐந்து, இடது கையில் ஆறு.

“எங்களுக்கு என்ன ஆகும்?”

“தெரியாது,” என்றது கட்டில். “எந்த வீட்டிலும் நான் பதினாறாம் நாள்வரை இருந்ததில்லை. அவர் சொன்னதைச் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் என்ன செய்வார்கள் என்பது சொன்னவர் கையில் இல்லை.”

கட்டில் வாசலில் இடித்துக்கொண்டு வெளியே போயிற்று. அறை திடீரென்று பெரிதாகத் தெரிந்தது.

பதினாறாம் நாள் விடியற்காலையில் உறவுப் பெண்கள் பின்கட்டில் கூடினார்கள். பூரணத்தை மணையில் உட்காரவைத்தார்கள். உறவில் மூத்த ஓர் அம்மாள் முன்னால் நின்று நடத்தினாள். பூ வைத்தார்கள். பெரிதாகக் குங்குமம் வைத்தார்கள். பூரணம் யாரையும் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் நினைத்திருந்தாள். சொல்ல வாய் வரவில்லை. சுற்றி இருபது பெண்கள், எல்லாரும் நல்லவர்கள், எல்லாருக்கும் இதுதான் நடந்தது, அல்லது நடக்கப்போகிறது.

“வெள்ளைத்தாயி, வா. நீதான் செய்யணும்,” என்று அந்த அம்மாள் அம்மிக்குழவியை நீட்டினாள்.

வெள்ளைத்தாய் முன்னால் வந்தாள். குழவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“முடிந்தது,” என்றது இடது கை வளையல்களில் ஒன்று. எப்போதும் நழுவுகிற பச்சை வளையல் அது. 

வெள்ளைத்தாய் பூரணத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு குழவியைத் தன் மடியில் வைத்தாள். அப்படியே இருந்தாள்.

“என்ன தாயி, நேரமாகுது.”

“ஆகட்டும்.”

“என்ன ஆகட்டும்? குழவியை இப்படிக் குடு, நான் செய்றேன்.”

“குடுக்க மாட்டேன். என் தம்பி வாயால சொல்லிட்டுப் போயிருக்கான். ரெண்டு காதாலயும் கேட்டேன்.”

“அவன் சொன்னா? சாகக் கெடந்தவன் ஆயிரம் சொல்லுவான்.”

“ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான்,” என்றாள் வெள்ளைத்தாய்.

பெண்கள் சத்தம் போட்டார்கள். ஒருத்தி, குடும்பத்துக்கு ஆகாது என்றாள். ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒருத்தி மட்டும், இருக்கட்டுமே என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சொன்னது தான் இல்லை என்பதுபோல் வேறு பக்கம் பார்த்தாள்.  வெயில் முற்றத்துக்கு வரும்வரை வெள்ளைத்தாய் குழவியை மடியை விட்டு இறக்கவில்லை. பந்தி போட்டார்கள். கோபித்துக்கொண்டவர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மத்தியானம் வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். பூரணம் பாத்திரங்களைத் தேய்த்தாள். வெள்ளைத்தாய் கழுவிக் கவிழ்த்தாள். 

“மதினி, ஊருல உங்களைத்தான் திட்டுவாங்க,” என்றாள் பூரணம்.

“திட்டட்டும்.”

வெள்ளைத்தாய் இன்னொரு பாத்திரத்தைக் கவிழ்த்தாள். பிறகு, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“பூரணம், அதுல ஒண்ணைக் கழத்தி எனக்குப் போட்டுவிடுறியா? சும்மாதான். ஏறுதான்னு பாப்போம்.”

பூரணம் கையைக் கழுவிக்கொண்டு, இடது கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றினாள். நழுவுகிற அந்தப் பச்சை வளையல்தான் கையோடு வந்தது. வெள்ளைத்தாயின் விரல்களைக் குவித்துப் பிடித்து மாட்டினாள். முப்பத்து மூன்று வருடத்தில் அந்தக் கை அகன்று காய்த்துப்போயிருந்தது. வளையல் விரல் முட்டியோடு நின்றுவிட்டது. பூரணம் சோப்பை எடுத்து நுரை போட்டுத் தடவினாள்.

அந்தக் கைக்குப் பயமாக இருந்தது. அது வளையலிடம் கேட்டது, “நீயும் உடைந்துவிட மாட்டாயே?”

“உடைவேன், ஒரு நாள்,” என்றது வளையல். “இன்றைக்கு இல்லை. விரலை ஒடுக்கிக் கொடு.”